வீட்டுடைமையும் எண்ணப்படாத பிள்ளைகளும்

ஒரு மனிதன் எத்தனை வீடுகளை உடைமையாகக் கொள்ளலாம்? இவ்வினாவைச் சமயச் சான்றோரும் ஒழுக்க நூலாரும் பொதுப்படக் கேட்டதுண்டு. அளவோடு வாழ்க என்று விடை கூறி அவர்கள் அமைந்தனர். நமது நாட்டின் சட்டசபையோ ஒருமுறை இதற்கு எண்ணாலேயே விடை கூறத் துணிந்தது. 1973 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த வீட்டாதன உச்சவரம்புச் சட்டம், ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகையை வரையறுத்தது. அக்குடும்பத்தில் தங்கி வாழும் பிள்ளைகளின் தொகையோடு இரண்டைக் கூட்டினால் வருவதே அவ்வரம்பு. மிகுந்த வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளரைச் சார்ந்தன. அவற்றிற் குடியிருந்த வாடகைக்காரர் அவற்றை விலைக்கு வாங்கி உரிமையாளராகும் வாய்ப்பைப் பெற்றனர்.

அரை நூற்றாண்டு கடந்துவிட்ட இச்சட்டத்தை நாம் இன்று எடுத்துப் பேசுவது பழங்கதை கூறும் ஆவலினால் அன்று. வீடமைப்புப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் எத்தனை இலட்சம் வீடுகள், எத்தனை கோடி ரூபாய் என்ற பேச்சே மேலோங்குகின்றது. வீடு என்பது யாது, அது எவருக்கு உரியது என்ற அறக்கேள்வி ஒதுங்கிவிடுகின்றது. நமது முன்னோர் அறம், பொருள், இன்பம், வீடு என நால்வகை உறுதிப்பொருள் வகுத்தனர். அவர்கள் சொன்ன வீடு வேறு. நாம் குடியிருக்கும் வீடு வேறு. எனினும் குடியிருக்கும் வீட்டை அந்நான்கனுள் எதன்பாற்படுத்துவது என்று கேட்டால், இன்றைய சமுதாயம் தயங்காது ‘பொருள்’ என்றே விடை கூறும். அதனை அறத்தின்பாற்படுத்தக் கூடுமா என்பதே நாம் இங்கு ஆராய விழைவது.

சட்டம் தோன்றிய சூழலை முதலில் நோக்குவோம். 1971 ஏப்ரலில் வேலையற்ற கிராமப்புற இளைஞரின் கிளர்ச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டிருந்தது. 1972 இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் என்றும், வயற்காணிக்கு 25 ஏக்கர் என்றும் எல்லை வகுத்தது. அதனைத் தொடர்ந்து வந்ததே வீட்டுக்கான எல்லை. அதற்குப் பொறுப்பான அமைச்சர் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன். முடுக்கு வீடுகள் மலிந்த கொழும்பு மத்திய தொகுதியின் பிரதிநிதி. அன்று தேசிய அரசுப் பேரவை கூடிய மண்டபம் காலிமுகத்திடலின் ஓரத்தில் இருந்தது. அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் கொம்பனித்தெருவின் நெருக்கமான குடியிருப்புகளை அடையலாம். பேசுவோரும் பேசப்படுவோரும் அத்துணை அண்மையில் இருந்தனர்.

இத்தகைய சட்டத்தை எதிர்ப்போரின் வாதங்கள் எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றே. உழைத்துச் சேமித்தவனின் பொருளைப் பறிப்பது நீதியாகாது என்பது ஒன்று. வாடகைக்கு விட வீடு கட்டுவோர் இனி இலராவர், அதனால் ஏழைக்கே இன்னல் என்பது மற்றொன்று. இவற்றை நாம் எள்ளி நகையாடிவிட்டுப் போதல் தகாது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சென்று, எழுதுவினைஞராக முப்பது ஆண்டு கடமையாற்றி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வெள்ளவத்தையில் வீடொன்று கட்டி, அதனை மகளுக்குச் சீதனமாக எழுதிவைத்த தந்தையரை நம்முட் பலர் அறிவர். ‘வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்’ என்ற பழமொழியின் இரு சுமைகளையும் ஒருங்கே சுமந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பெருமுதலாளிகள் என்று கூறுதல் பொருந்தாது.

இரண்டாவது வாதத்திலும் உண்மையின் கூறு உண்டு. 1942 முதல் வாடகைக் கட்டுப்பாடு நமது நாட்டில் இருந்து வந்தது. 1972 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் அதனை வலுப்படுத்தியது. குடியிருப்போரைத் தெருவில் விடாது காத்த அக்கட்டுப்பாடு, ஒழுகும் கூரையை வேயுமாறு உடைமையாளனைத் தூண்டவில்லை. வருமானம் குன்றிய வீட்டை அவன் பாழாக விட்டான். அல்லது வாடகைக்கு மேலாக மறைவில் முற்பணம் கேட்டான். தனியார் கட்டாத இடத்தில் அரசு கட்டாவிடின் வரம்பு மட்டும் ஒரு செங்கல்லையும் அடுக்காது.

ஆயினும் இவ்வாதங்கள் அடிப்படைக் கேள்விக்கு விடையாகா. சேமித்தவனின் உழைப்பு வீட்டில் உறைகின்றது என்பது மெய். ஆனால் அவ்வீட்டின் விலையை ஏற்றிய தெரு, குழாய்நீர், மின்சாரம், பாடசாலை, துறைமுகம் ஆகியவற்றை ஆக்கியவர் எவர்? அவை ஊரின் உழைப்பு. நகரம் வளரக் காணியின் விலை வளர்கின்றது. உறங்கிக்கொண்டிருந்தவனும் அதனாற் செல்வனாகின்றான். சேமிப்பை மதிக்கவேண்டும் என்பதை ஏற்போம். ஆனால் ஒருவனின் சேமிப்பு மற்றொருவனின் உறைவிடத்தின் மீது ஆணை செலுத்தும் அதிகாரமாக மாறும்போது, அது வெறும் சேமிப்பாக இருப்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது வீட்டில் உடைமையாளன் வாழ்வதில்லை. அங்கு வாழ்பவனிடமிருந்து மாதந்தோறும் திறை பெறுகின்றான். இவ்வேறுபாட்டைச் சட்டமாக்கியது 1973 ஆம் ஆண்டின் துணிவு. ஆயிரக்கணக்கான வாடகைக்காரர் வெளியேற்றத்தின் அச்சம் நீங்கித் தம் வாசற்படியில் அமர்ந்தனர். இதனைக் குறைத்துக் கூறுவோர் வாடகை வீட்டில் வாழ்ந்தறியாதவர்.

இனிக் குறையைக் காண்போம். சட்டத்தின் கணக்கைச் சற்று நுணுகி நோக்குக. உடைமையாளனுக்குப் பிள்ளைகள் மூவரெனின் அவன் ஐந்து வீடு வைத்திருக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு என்ற சீதன, முதுச நியாயத்தை அது ஏற்றுக்கொள்கின்றது. முடுக்கில் ஓர் அறையில் வாழும் துறைமுகத் தொழிலாளிக்கும் பிள்ளைகள் மூவர் என்று கொள்வோம். அவனுக்கு வாய்ப்பது, வாய்த்தால், அவன் ஏற்கனவே குடியிருக்கும் அவ்வோர் அறையே. அவனுடைய பிள்ளைகளின் தொகையைச் சட்டம் கேட்கவில்லை. உடையவனின் பிள்ளைகள் எண்ணப்பட்டனர். இல்லாதவனின் பிள்ளைகள் எண்ணப்படவில்லை. முன்னவர் வாரிசுகள். பின்னவர் வெறுமனே அங்கு இருப்பவர்கள். உடைமைக்கு எல்லை கட்ட எழுந்த சட்டமே உடைமையின் கண்ணாற்றான் குடும்பத்தை நோக்கியது. சட்டத்தை ஆக்கியோரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. தனியுடைமைச் சமுதாயத்தின் சிந்தனை அதனை எதிர்ப்போரின் எண்சுவடியிலும் எத்துணை ஆழமாகப் புகுந்து நிற்கின்றது என்பதையே இஃது காட்டுகின்றது.

இச்சட்டத்துக்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முன், 1872 இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வெளிவந்த தொழிலாளர் பத்திரிகையொன்றில் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றிய கட்டுரைகளை எழுதினார். வாடகையைத் தவணைப் பணமாகக் கொண்டு ஒவ்வொரு வாடகைக்காரனையும் தன் வீட்டின் சொந்தக்காரனாக்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்ற புரூதோன் வழியினரின் கருத்தை அவர் அங்கு மறுத்தார். தொழிலாளியைச் சிறு உடைமையாளனாக்குவது உறவை மாற்றுவதாகாது, உடைமையாளரின் பெயர்களை மாற்றுவதே என்பது அவர் கருத்தின் சாரம். அதே வேளையில், பெருநகரங்களில் ஏற்கனவே உள்ள வீடுகளைச் செல்வர் கையிலிருந்து பெற்று முறையாகப் பயன்படுத்தினால் உடனடி நெருக்கடியைத் தணிக்கலாம் என்றும் அவர் கூறினார். நமது 1973 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டையும் ஒருங்கே செய்தது. மிகுதி வீட்டை எடுத்ததில் அது எங்கெல்ஸின் வழிச் சென்றது. எடுத்ததைத் தனியுரிமையாக விற்றதில் அவர் மறுத்த வழிச் சென்றது. விற்ற வீடு மீண்டும் சந்தைப் பொருளாயிற்று. அன்று வாடகைக்காரனாயிருந்தவனின் மகன் இன்று அதே வீட்டில் வாடகை பெறுபவனாக இருத்தல் கூடும்.

இவை அனைத்தையும்விடப் பெரிய குறை ஒன்றுண்டு. சட்டத்தின் அச்சாணி ‘வாடகைக்காரன்’ என்னும் சொல். வாடகைக்காரன் அல்லாதவன் அதன் கண்ணிற் படான். மலையகத்தின் லயன் காம்பராவை எண்ணிப் பார்ப்போம். 10 அடிக்கு 12 அடி அளவினதான ஓர் அறை. அதன்முன் ஒரு சிறு தாழ்வாரம். அதற்குள் ஒரு தலைமுறையன்று, இரண்டு மூன்று தலைமுறை. அங்கு வாழ்வோர் வாடகை செலுத்துவதில்லை. வேலையோடு ஒட்டியது அவ்வறை. வேலை போனால் அறையும் போகும் என்ற அச்சம் தோட்டத் தொழிலாளியின் குருதியில் ஊறியது. ஆலைக்காரனே வீட்டுக்காரனாகவும் இருக்கும் இடத்தில் வேலைநிறுத்தம் என்பது வீதிக்கு வருவதே என்று எங்கெல்ஸ் ஆங்கில நாட்டுத் தொழிலாளரைப் பற்றிக் கூறியது, நமது தேயிலை மலைகளுக்கு மேலும் பொருந்தும்.

இம்மக்களின் குரல் அன்றைய பேரவையில் ஏன் ஓங்கவில்லை என்பதற்கு விடை நாடறிந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களின் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலினின்று நீக்கின. 1947 இல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், மீண்டும் தம் தலைவரொருவரைத் தேர்ந்தனுப்ப 1977 வரை காத்திருக்க நேர்ந்தது. நாட்டின் மிக இழிந்த உறைவிடங்களில் வாழ்ந்தவர்கள், உறைவிடம் பற்றிய விவாதத்தின்போது வாக்காளராக இருக்கவில்லை. சட்டசபையின் அறம் அதன் வாக்காளர் பட்டியலின் எல்லையோடு நின்றுவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதன் பின்னர் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. ஒரு குடும்பத்துக்கு இத்தனை வீடுகளே போதும் என்று தனியாருக்கு வரம்பு கட்டிய அரசு, தானே இந்நாட்டின் மிகப் பெரும் லயன் சொந்தக்காரனாயிற்று. தன் கையில் வந்த காம்பராக்களை அது குடியிருந்தோருக்கு உரிமையாக்கவில்லை. தனியுடைமை போய் அரசுடைமை வந்தால் அறம் தானே வந்துவிடும் என்று நம்பியிருந்த நம்மவர் இவ்விடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். உடைமையாளன் எவன் என்பதைவிட, உள்ளே வாழ்பவனுக்கு உரிமை உண்டா என்பதே முதற்கேள்வி.

1978 முதல் ஓர் இலட்சம் வீட்டுத் திட்டமும், 1984 முதல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் வந்தன. 1987 ஆம் ஆண்டை வீடற்றோருக்கான ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியதும் இலங்கையின் முன்மொழிவினாலே. அதே 1987 இல் இயற்றப்பட்ட பிரதேச சபைச் சட்டமோ, 2018 இல் திருத்தப்படும் வரை, தோட்டப்புறங்களில் பிரதேச சபையின் நிதி செலவாவதற்குத் தடையாக இருந்தது. லயன்வாசிக்கு 7 பேர்ச் காணியும் உறுதியும் என்ற பேச்சு 2015 இன் பின்னரே அரச கொள்கையாக உருப்பெற்றது. நாலாயிரம், பத்தாயிரம் என இந்திய உதவி வீடுகள் பேசப்பட்டன. எனினும் லயன்கள் இன்னும் மறையவில்லை.

வடபகுதியினராகிய நாம் இதனைக் கேட்டு அரசை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு அமைதி கொள்ளலாகாது. நமது ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பிறர் காணியிற் கொட்டில் கட்டி வாழ்ந்தனர். ஆலயப் பிரவேசமும் தேநீர்க்கடைப் பிரவேசமும் கோரி அவர்கள் எழுந்த 1960களில், காணியை விட்டு எழும்பு என்ற கட்டளையே அவர்களுக்கெதிரான ஆயுதமாயிற்று. காலடி நிலம் பிறனுடையதாயின் நிமிர்ந்து நிற்றல் அரிது. சொந்த வீட்டில் இருந்துகொண்டு சமத்துவம் பேசுதல் எளிது.

இன்று கொழும்பில் வானளாவத் தொடர்மாடிகள் எழுகின்றன. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. உறுதி வைத்திருந்தோரும் அவருள் இருந்தனர். பின்னர் பல குடியிருப்புகளின் மக்கள் மாடிகளுக்கு மாற்றப்பட்டனர். சேரி ஒழிகின்றதே, நல்லதுதானே என்று கேட்போர் உளர். குழாய்நீரும் கழிவறையும் நல்லவையே. ஆனால் அம்மக்கள் விட்டுச்சென்ற நிலம் எவருக்குப் பயன்படுகின்றது, அவர்களைக் கேட்டு முடிவு செய்யப்பட்டதா, புதிய மாடியில் எத்தனை பேர் ஓர் அறையில் உறங்குகின்றனர் என்பவற்றையும் கேட்க வேண்டும். பிள்ளைகளை எண்ணாத பழைய கணக்கு அங்கும் தொடர்கின்றது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுவே. வீட்டைப் பற்றிய சட்டம் எதுவாயினும் அது உடைமையிலிருந்து அன்று, உறைதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவன் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று கேட்பதற்கு முன், ஒரு கூரையின்கீழ் எத்தனை பேர் படுக்கின்றனர் என்று கேட்க வேண்டும். வாடகைச்சீட்டும் உறுதியும் வாக்காளர் அட்டையும் இல்லாதவனையும் எண்ண வேண்டும். அவ்வெண்ணிக்கையைச் செய்யாத சட்டம், எத்துணை முற்போக்கான பெயரைத் தாங்கியிருப்பினும், பாதிச் சட்டமே.

இவ்வெண்ணிக்கையை முதலில் அறியக்கூடியவர்கள் ஆசிரியர்கள். கொப்பியை வைத்து எழுத ஒரு மேசை போடும் இடம் எந்தப் பிள்ளைக்கு இல்லை, எந்தப் பிள்ளை தந்தையின் குடிவெறி அடங்கியபின் விளக்கின்கீழ் அமர்கின்றது, எந்தப் பிள்ளை மழை பெய்த மறுநாள் பாடசாலைக்கு வருவதில்லை என்பதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைத் தண்டிக்குமுன், பாடம் செய்வதற்கு வீடு எங்கே என்று ஒருமுறை கேட்போமாக. அக்கேள்வியை வகுப்பறையோடு நிறுத்தாது, சட்டம் ஆக்குவோரின் செவிக்கு எட்டும்வரை கொண்டுசெல்வது நமது கடன்.