கிளம்பிப் போகிறவர்களின் ஊர்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் உட்பகுதியில், கயூகா ஏரியின் தென்முனையில் இருக்கிறது இதாகா. ஏறத்தாழ 30,000 பேர் வாழும் சின்ன ஊர். குன்றின் மேல் கார்னெல் பல்கலைக்கழகம். ஊரில் இருப்பவை பெரும்பாலும் வாடகை வீடுகள். 2030-க்குள் ஊர் முழுவதையும் கார்பன் சமநிலைக்குக் கொண்டுவருவது என்று 2019 ஜூனில் அதன் நகர மன்றம் தீர்மானம் போட்டது. அதற்காக மன்றத்தின் கதவைத் தட்டியவர்களில் முக்கியமானவர்கள் சன்ரைஸ் என்ற இளைஞர் இயக்கத்தின் உள்ளூர்க் கிளையினர். 2021 நவம்பரில் மன்றம் இன்னும் ஒரு படி ஏறியது. புதிய கட்டடங்கள் மட்டுமல்ல, ஏற்கனவே இருக்கும் சுமார் 6,000 கட்டடங்களையும் கேஸிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

கேட்க எளிமையாக இருக்கிறது. கேஸ் அடுப்புக்குப் பதில் இண்டக்‌ஷன், கேஸ் பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப். ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருகிறது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று பங்கு வெப்பம் கிடைக்கும். பனி கொட்டும் ஊரில் இது சொகுசு விஷயம் இல்லை, உயிர் பிழைக்கிற விஷயம்.

இந்தப் பிரச்சாரத்துக்கு எதிராக எழும் வாதங்களில் பணமும் தொழில்நுட்பமும் உண்டு. ஆனால் எந்தக் கல்லூரி ஊரிலும் எழக்கூடிய இன்னொரு கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: “நாலு வருஷத்துல பட்டம் வாங்கிட்டுக் கெளம்பிப் போகப்போற பசங்க, எங்க வீட்டு அடுப்பைப் பத்திப் பேச நீங்க யாரு?”

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வீடு அவர்களுடையது இல்லை. சொத்து வரி கட்டுவதும் அவர்கள் இல்லை. பாய்லரைக் கழற்றிப் போடும் செலவும் அவர்கள் தலையில் விழாது. செலவு ஒருவருடையது, தீர்மானம் இன்னொருவருடையது என்றால் அதில் ஏதோ உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: வீட்டைப் பற்றிப் பேசும் உரிமை வீட்டை வைத்திருப்பவருக்கே உரியது. அது சரியா? வாடகைக்குக் குடியிருந்த யாருக்கும் தெரியும். அடுப்பு எது, ஹீட்டர் எது என்பதை ஓனர் முடிவு செய்கிறார். பில் பல வீடுகளில் குடியிருப்பவருக்கு வருகிறது. புகையும் அவருக்குத்தான். கேஸ் அடுப்பு எரியும்போது நைட்ரஜன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. அணைத்து வைத்திருக்கும்போதும் கொஞ்சம் மீத்தேன் கசிகிறது. இந்தச் சமையலறையில் நிற்பவர் அந்த அடுப்பைத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. “எந்த எரிபொருள் வேண்டும் என்பது மக்களின் தேர்வு” என்று கேஸ் நிறுவனங்கள் சொல்லும்போது, எந்த மக்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, காலம். கட்டடம் ஐம்பது அறுபது வருடம் நிற்கும். இன்று ஒரு புதுக் கட்டடத்துக்குக் கேஸ் குழாய் போட்டால், அதில் கடைசியாகக் குடியிருக்கப் போகிறவர் இன்னும் பிறந்திருக்கவே மாட்டார். மன்றக் கூட்டத்துக்கு அவரால் வர முடியாது. மன்ற உறுப்பினரின் பதவிக்காலமோ சில வருடங்கள்தான். வீட்டுக்காரரும் ஒருநாள் விற்றுவிட்டுப் போவார். கட்டடத்தோடு ஒப்பிட்டால் எல்லோரும் கிளம்பிப் போகிறவர்களே. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள் நம் ஊரில். இந்த மாணவர்கள் பார்ப்பதற்குக்கூட அங்கே இருக்க மாட்டார்கள். தனக்கு ஆதாயம் இல்லாத ஒன்றுக்காகப் பேசுவதை உரிமைக் குறைவு என்று சொல்வது விசித்திரம்.

ஆக, பேசும் உரிமை பத்திரத்திலிருந்து வரவில்லை. விளைவைச் சுமப்பதிலிருந்து வருகிறது. இளைஞர்களின் பக்கம் இருக்கும் வலுவான நியாயம் இதுதான். ஆனால் அதே நியாயம் அவர்களைப் பார்த்தும் திரும்பும். விளைவைச் சுமப்பவருக்கே முதல் பேச்சு என்றால், இந்த மாற்றத்தின் விளைவைச் சுமப்பவர் யார்?

கேஸ் குழாய் வலையைப் பராமரிக்கும் செலவு எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பங்கு பிரிக்கப்படுகிறது. பாதிப் பேர் விலகினாலும் குழாயின் நீளம் பாதியாகக் குறையாது. மீதிப் பேரின் பில் ஏறும். முதலில் விலகுபவர் யார்? கையில் பணம் இருப்பவர், சொந்த வீடு இருப்பவர். கடைசி வரை குழாயில் தொங்கிக்கொண்டிருப்பவர் வாடகைக்காரர், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் கிழவி. இன்னொரு சிக்கலும் உண்டு. நியூயார்க் நகரத்தின் பழைய அடுக்ககங்கள் பலவற்றில் சூடேற்றும் செலவு வாடகைக்குள் அடக்கம். பாய்லரை எடுத்துவிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி மின்கருவி வைத்தால், அந்தச் செலவு சத்தமில்லாமல் ஓனரிடமிருந்து குடியிருப்பவருக்குக் கைமாறலாம். அதிலும் ஹீட் பம்ப் வைக்காமல், மலிவான கம்பிச்சுருள் ஹீட்டரை மாட்டிவிட்டு “மின்மயமாக்கியாச்சு” என்று சொன்னால் பில் இன்னும் எகிறும். சட்டத்தின் எழுத்து நிறைவேறியிருக்கும். யாருடைய பெயரால் பேசினார்களோ அவருக்கே அடி விழுந்திருக்கும்.

இதற்காகப் போராட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. கோரிக்கையின் பட்டியலை நீட்ட வேண்டும். வாடகை ஏற்றத்துக்குக் கடிவாளம், வசதியில்லாத வீடுகளுக்கு முதலில் சுவர்க்காப்பு, ஒரு வீடு ஒரு வீடாக இல்லாமல் தெருத் தெருவாகக் குழாயை மூடுவது. இதெல்லாம் பதாகையில் எழுத முடியாத, புகைப்படத்தில் நன்றாக வராத கோரிக்கைகள். “கேஸ் வேண்டாம்” என்பது இரண்டு வார்த்தை. “கேஸ் போகும்போது யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது” என்பது பத்து வருட வேலை.

வாக்கெடுப்பு முடிந்த அன்று வெற்றி முடிந்துவிடுவதில்லை என்பதற்குச் சாட்சி நிறைய. புதிய கட்டடங்களில் கேஸ் இணைப்பைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரம் பெர்க்லி, 2019 ஜூலையில். கலிஃபோர்னியா உணவகச் சங்கம் வழக்குப் போட்டது. 1975-ஆம் ஆண்டின் மத்திய எரிசக்திச் சட்டத்தைக் காட்டி 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 2024-இல் நகரமே அதைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. இதாகாவிலும் மன்றம் கைதூக்கிய வேகத்தில் கட்டடங்கள் மாறவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கடன், மின்பணியாளர், ஓனரின் சம்மதம் என்று வேலை நீள்கிறது.

அப்படியானால் கிளம்பிப் போகிறவர் என்ன செய்ய வேண்டும்? ஊரிலேயே தங்கிவிடு என்று யாரையும் கேட்க முடியாது. ஆனால், தான் போன பிறகும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரக்கூடிய ஒருவரைச் சேர்த்துவிட்டுப் போகலாம். அவர் மாணவராக இல்லாமல், குழாயின் கடைசி முனையில் இருக்கும் வாடகைக்காரராக இருந்தால் இன்னும் நல்லது. தனக்குப் பின்னால் அந்த மைக்கில் யார் பேசப்போகிறார் என்பதை யோசிக்காத போராட்டம், எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், “நீங்க யாரு?” என்ற கேள்விக்குப் பாதி பதில்தான் வைத்திருக்கிறது.