கைமாற்று வாக்கு

1967 பிப்ரவரித் தேர்தலில் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். 643 பேர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் முடிவு மாறியிருக்கும். வென்றவர் தி.மு.க.வின் பெ. சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் வெளியே தெரிய வந்த மாணவர் தலைவர். இந்தத் தோல்வியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பெற்ற ஊரே கைவிட்டதே என்ற ஆதங்கத்தில் முடியும். இல்லையென்றால் மாணவர் எழுச்சியின் பெருமையில் முடியும். இரண்டிலும் சேராமல், அன்று வாக்குச்சாவடிக்குப் போகும் வழியில் அதிகம் யோசித்திருக்க வேண்டிய ஒரு கூட்டம் உண்டு. ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்காரர்கள். அரசாங்கம் வியாபாரத்திலிருந்தும் வயலிலிருந்தும் விலகி நிற்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. கூட்டணி காரணமாக விருதுநகரில் அவர்கள் உதயசூரியனில் முத்திரை குத்த வேண்டியிருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று முழங்கிய கட்சியின் சின்னம் அது.

தன் கொள்கைக்கு வெற்றி வாய்ப்பில்லை என்று தெரிந்த ஒருவர், வெல்லக்கூடிய, ஆனால் கவர்ச்சி வாக்குறுதிகளால் வெல்லப்போகிற ஒருவருக்கு வாக்களிப்பது அறமா? அமெரிக்காவில் இதைத் தனிமனித சுதந்திரவாதிகளின் தலைவலியாகப் பேசுகிறார்கள். அவர்கள் பேசத் தொடங்கும் முன்பே இங்கே, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக் கந்தக பூமியில், அது நடந்து முடிந்துவிட்டது.

கூட்டுப் பண்ணை விவசாயத்தை ஆதரித்து 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. ராஜாஜி, மினூ மசானி, என்.ஜி. ரங்கா ஆகியோர் முன்னின்றார்கள். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்ஜியம் என்று ராஜாஜி சொன்னபோது சிவகாசியில் யாருக்கும் உரை எழுதத் தேவை இருந்திருக்காது. அன்று வெடிமருந்துக்கு உரிமம் வேண்டும். ரசாயனம் இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும். தீப்பெட்டி ஒவ்வொன்றின் மேலும் தீர்வை கட்டியதற்கான பேண்ட்ரோல் ஒட்ட வேண்டியிருந்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்து போட்ட விதை இது. அரசாங்கம் தூக்கிவிட்டு எழுந்த ஊரல்ல அது.

கட்சிக்கு முன்பே இந்தக் கரிசல் வியாபாரிகளிடம் அரசை எதிர்பாராமல் நடக்கும் பழக்கம் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். மூட்டைக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட மகமை, வீடுதோறும் எடுத்துவைத்த பிடியரிசி, இவற்றால்தான் விருதுநகரில் பள்ளிக்கூடம் நடந்தது. காமராஜரே அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர்தான். வரி போடும் அதிகாரம் யாரிடமும் இல்லாமல், ஊர்ப்பேச்சுக்கும் மானத்துக்கும் அஞ்சியே காசு சேர்ந்தது. (ஒரே சாதிக்குள் சேர்ந்த காசு அது என்பதையும் மறக்கக் கூடாது. அரசில்லாத இடத்தில் சாதி அரசாகிவிடும். இதற்கு அந்தக் கட்சியிடம் நல்ல பதில் இருக்கவில்லை.)

ஆக, கொள்கைக்கு மண்ணில் வேர் இருந்தது. ஆனால் இடம் கிடைக்கவில்லை. 1962இல் தனித்து நின்று சென்னை சட்டமன்றத்தில் சுதந்திராக் கட்சி பெற்றவை 6 இடங்கள். எதிர்க்கட்சிகள் தனித்தனியே நிற்க, காங்கிரஸ் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. 1967இல் ராஜாஜி கணக்கை மாற்றி, தி.மு.க.வோடு அணி சேர்ந்தார். அந்த அணியில் தி.மு.க.வோடு மார்க்சிஸ்ட்டுகளும் இருந்தார்கள், அவர்களை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவரின் கட்சியும் இருந்தது. மதுரை மக்களவைத் தொகுதியில் வென்றவர் மார்க்சிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி. பக்கத்தில் சிவகாசி மக்களவைத் தொகுதியில் வென்றவரும் பி. ராமமூர்த்திதான், ஆனால் இவர் சுதந்திராக் கட்சி. பெயரும் முதலெழுத்தும் ஒன்று, அணியும் ஒன்று. பொருளாதாரத்தில் ஒருவர் கேட்பது கிடைத்தால் மற்றவர் கேட்பது இருக்காது.

இதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வாதம் லேசானதல்ல. சுதந்திரம் வந்ததிலிருந்து ஒரே கட்சி ஆண்டது. லைசென்ஸ் கொடுப்பதும் அந்தக் கட்சி, தேர்தல் நிதி வாங்குவதும் அந்தக் கட்சி என்றிருந்தால், லைசென்ஸைத் திட்டிக் கட்டுரை எழுதுவதைவிட ஆள்பவரை மாற்றிக் காட்டுவது அதிகாரத்துக்குக் கடிவாளம் போடும். குவிந்த அதிகாரமே தீமை என்று நம்புகிறவருக்கு, அந்தக் குவியலைக் கலைப்பது கொள்கையிலேயே ஒரு பகுதி. தேர்தல் கணக்கும் இதை மெய்ப்பித்தது. தனிக் கட்சியாக எடுத்துப் பார்த்தால் 1967இல் காங்கிரஸ் வாங்கிய வாக்கு தி.மு.க.வைவிடச் சற்றே கூடுதல். அது நின்ற தொகுதிகளும் அதிகம். வாக்குகள் சிதறாமல் சேர்ந்ததுதான் ஆட்சியை மாற்றியது. சுதந்திராக் கட்சியும் சட்டமன்றத்தில் 6லிருந்து 20க்கு வளர்ந்தது.

இப்படிக் கொடுத்தது கைமாற்று. வட்டியில்லை, பத்திரமில்லை, தேவைக்குக் கொடுத்து நம்பிக்கையில் திரும்ப எதிர்பார்ப்பது. திரும்பி வந்ததா?

1952இல் முதலமைச்சராக இருந்தபோது உணவு தானியக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கியவர் ராஜாஜி. அவர் ஆதரவோடு வந்த அரசு 1967 மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போடத் தொடங்கியது. இது எதிர்பார்த்ததுதான்; மேடையில் சொன்னதைச் செய்தார்கள், குறை சொல்ல முடியாது. எதிர்பாராதது டெல்லியில் நடந்தது. 1969 ஜூலையில் இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார். நவம்பரில் காங்கிரஸ் பிளந்து அவருடைய அரசு பெரும்பான்மை இழந்தபோது, அதைத் தாங்கிப் பிடித்தவர்களில் தி.மு.க.வின் 25 மக்களவை உறுப்பினர்களும் இருந்தார்கள். அதே வங்கிச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் ஆர்.சி. கூப்பர், சுதந்திராக் கட்சிக்காரர். 1970 பிப்ரவரியில் அவர் வழக்கில் வென்றார். சில நாட்களிலேயே அரசு சட்டத்தை வேறு வடிவில் கொண்டுவந்துவிட்டது. நீதிமன்றத்தில் அந்தக் கட்சிக்காரர் ஒருவர் எதிர்த்துப் போராடிய அரசை, அந்தக் கட்சியின் கைமாற்று வாக்கும் சேர்ந்து ஜெயிக்கவைத்தவர்கள் நாடாளுமன்றத்தில் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

விருதுநகரில் உதயசூரியனுக்குக் குத்திய சுதந்திராக் கட்சிக்காரர் இதற்குப் பொறுப்பா? காங்கிரஸ் பிளவை 1967இல் ஜோசியர்கூடச் சொல்லியிருக்க முடியாது. அந்த அளவுக்கு அவர் விடுதலை ஆகலாம். ஆனால் தான் வாக்களிக்கும் கட்சி பொருளாதாரத்தில் தனக்கு எதிர்த் திசையில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். எந்தச் சட்டம், எந்த ஆண்டு என்பது தெரியாமல் இருக்கலாம், திசை தெரியும். திசை தெரிந்து கொடுத்த வாக்கின் விளைவில் ஒரு பங்கு அவருடையதே. குற்றம் என்று அதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், காங்கிரஸை விரட்டத்தான் குத்தினேன், மற்றதற்கு நான் ஆளில்லை என்று கைகழுவ அவருக்கு உரிமையில்லை.

எதிர்த் தரப்பில் நிற்கும் தூய கொள்கைவாதிக்கும் இவ்வளவு சுலபமாக நற்சான்று கொடுத்துவிட முடியாது. அவர் வாக்கை வீணாக்கினாலும் கறைபடாமல் வைத்திருக்கிறார் என்று நினைப்பதில்தான் கோளாறு. 1965, 66இல் அரிசிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு, தீப்பெட்டி ஒட்டிக் கூலி வாங்கியவர்களுக்கு, படியரிசி கவர்ச்சித் திட்டமாகத் தெரிந்திருக்காது; இரவுச் சாப்பாடாகத் தெரிந்திருக்கும். களஞ்சியத்தில் நெல் இருப்பவர் கொள்கைக்காகத் தோற்பதில் தியாகம் குறைவு. தோல்வியின் விலையைக் கொடுப்பவர் வேறு யாராகவோ இருப்பார்.

கொள்கையே எவ்வளவு தூய்மை என்பதையும் பட்டாசு ஆலைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும், மருந்து கலக்கும் இடத்தில் ஆள் இன்னும் குறைவு: இவை அரசு போட்ட விதிகள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விசாரணையில் வருவது இதுதான்: அறையில் கூடுதல் ஆள், மரத்தடியில் வேலை, உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில், வேலை வாங்குபவர் இன்னொருவர். இதைப் பார்த்துவிட்டு, அரசு விலகட்டும் என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அரசு இருந்ததே, அதிகாரி கையெழுத்துப் போட்ட உரிமம் இருந்ததே, பிறகு ஏன் இறந்தார்கள் என்று அந்தக் கொள்கைவாதி திருப்பிக் கேட்பதிலும் நியாயம் உண்டு. உரிமம் வாங்கச் செலவாகும் காசும் அலைச்சலும் சிறியவரை உள்குத்தகைக்கும் வீட்டில் கரித்திரி திரிப்பதற்கும் தள்ளுகிறது என்பதும் பொய்யல்ல.

எனவே அரசின் கட்டுப்பாடு என்று ஒரே பெயரில் சொல்வதை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். தொழிலில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரைக் காக்கும் கதவு ஒன்று. உள்ளே வேலை செய்பவரின் உடம்பைக் காக்கும் சுவர் இன்னொன்று. கதவைத் திறக்கச் சொல்வது சுதந்திரம். சுவரை இடிக்கச் சொல்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதை வியாபார உரிமையில் தலையீடு என்று எதிர்க்க எந்த நேர்மையான சுதந்திரவாதிக்கும் வாய் வந்திருக்கக் கூடாது. இந்த வேறுபாட்டைத் தன் கட்சி அறிக்கையில் காணாத ஒருவர், மூன்றாவது கட்சிக்கு வாக்களித்தேன், என் மனசாட்சி சுத்தம் என்று சொன்னால், அந்த மனசாட்சி முழு வேலையையும் செய்யவில்லை.

அமெரிக்காவில் 2024 மே மாதம் சுதந்திரவாதக் கட்சியின் மாநாட்டுக்கே டிரம்ப் போனார். கூச்சல் போட்டார்கள். அவர்கள் விடுதலை கேட்டுவந்த கைதி ராஸ் உல்பிரிக்டை விடுவிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். 2025 ஜனவரியில் பதவியேற்ற மறுநாளே மன்னிப்பு வழங்கினார். சில மாதங்களில் உலகத்தின் மேல் இறக்குமதி வரியைக் கொட்டினார். தடையற்ற வணிகத்தை உயிராக நினைப்பவர்கள் கேட்டு வாங்கியது ஒரு மனிதரின் விடுதலை, கேட்காமல் வாங்கியது வரிச்சுவர். பேரம் என்று பார்த்தால் ராஜாஜி வாங்கிய 20 இடங்கள் மேல்.

ராஜாஜியிடம் இன்னொன்றும் மேல். கொடுத்துவிட்டு அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. சேர்ந்து ஜெயிக்கவைத்த ஆட்சியையே பின்னர் எதிர்த்தார். 1971இல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தள்ளிவைக்க முற்பட்டபோது 92 வயதில் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டார். (அரசு எதிலும் தலையிடக் கூடாது என்றவர் கள்ளுக்கடையை மட்டும் அரசு பூட்ட வேண்டும் என்றது வேறு கதை. 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியவரிடம் அதை விடச் சொல்ல யாரால் முடியும்?) அதற்குச் சில மாதங்கள் முன்பு, அந்த ஆண்டுத் தேர்தலில், நான்கு ஆண்டுகளுக்கு முன் தன் கட்சிக்காரர்களை யாருக்கு எதிராக வாக்களிக்கச் சொன்னாரோ அந்தக் காமராஜரோடு கூட்டணி சேர்ந்தார். தி.மு.க. 184 இடங்களோடு திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் சுதந்திராக் கட்சிக்கு மக்களவையில் ஒரு இடமும் இல்லை. ராஜாஜி 1972 டிசம்பரில் காலமானார். 1974இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

தோல்வியைக் காட்டி 1967 முடிவைத் தவறு என்று தீர்ப்புச் சொல்வது எளிது, சரியல்ல. மாற்றுக் கருத்தை ஒளிக்காமல் கொடுத்த வாக்கு அது. தவறு வேறு இடத்தில் இருக்கிறது: எதற்கு ஈடாகக் கொடுக்கிறோம் என்பதில் தொகுதி எண்ணிக்கை தவிர வேறெதையும் முன்கூட்டியே கேட்டுப் பெறவில்லை. பெர்மிட்டைக் குறைப்போம் என்ற ஒரு வரியைக்கூடக் கூட்டாளிகள் கையெழுத்திட்டு ஊரறியச் சொல்லவில்லை. பேச்சு உரிமையை விட்டுக்கொடுக்காதவர், கொள்கைக்கு விலை பேசத் தவறினார்.

அதே மண்ணில் இன்று கேள்வி சிறுத்துவிட்டது. 2009இல் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் வைகோ 15,764 வாக்கில் மாணிக்கம் தாகூரிடம் தோற்றபோது, தே.மு.தி.க.வின் பாண்டியராஜன் லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தார். வாக்கைப் பிரித்தார் என்றார்கள். 2024இல் அதே தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரன் 4,379 வாக்கில் அதே மாணிக்கம் தாகூரிடம் தோற்றார்; பா.ஜ.க.வின் ராதிகா ஒன்றரை லட்சத்துக்கு மேலும், நாம் தமிழர் எழுபதாயிரத்துக்கு மேலும் வாங்கியிருந்தார்கள். மறுபடியும் அதே பேச்சு, பாத்திரங்கள் மட்டும் இடம் மாறி. பிரித்தார் என்ற சொல்லுக்குள், அந்த வாக்கு ஏற்கெனவே எங்கள் சொத்து என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. 1967இல் குறைந்தது கேட்டு வாங்கினார்கள், இடம் கொடுத்து வாங்கினார்கள். இப்போது மூன்றாவது அணிக்காரரிடம் பெரிய கட்சிகள் கொண்டுவருவது பயம் ஒன்றுதான்: எனக்குப் போடாவிட்டால் அவன் வந்துவிடுவான்.

சிவகாசியில் அப்படிக் கேட்டு வருபவரிடம் எதிர்க்கேள்விகள் தயாராகவே கிடக்கின்றன. நாக்பூரிலிருந்து வர வேண்டிய வெடிபொருள் லைசென்ஸுக்காகச் சிறு உற்பத்தியாளர் அலைவதை எப்படிக் குறைப்பீர்கள்? 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு வேலை இழந்தவருக்கு என்ன வழி? உள்குத்தகையை ஒழித்து, அறைக்கு நாலு பேர் என்ற விதியை நிஜமாக்க எந்த அதிகாரியைப் பொறுப்பாக்குவீர்கள்? இவற்றுக்கு இரண்டு பெரிய அணிகளும் வெறும் கையோடு வந்தால், தோற்கும் என்று தெரிந்த சின்னத்தில் பொத்தானை அழுத்தும் விருதுநகர் வாக்காளர் அவர்களில் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை.