மொழிக்கொடையும் கொடையாளர் நிலையும்

பொன்னை ஈவார்க்குப் பொன் குறையும். உணவை ஈவார்க்கு உணவு குறையும். கல்வியை ஈவார்க்கோ கல்வி குறைவதில்லை. இதுபற்றியே கல்விக்கொடை ஏனைக் கொடைகளிற் சிறந்ததென்று சான்றோர் பலரும் கூறுவாராயினர். அக்கூற்று மெய்யே. ஆயினும் அதன்கண் மறைந்துகிடக்கும் இடர்ப்பாடொன்றுண்டு. பொன் ஈந்தவன் தன் கையிருப்புக் குறைந்தமை கண்டு தான் ஈந்தமையை ஐயமின்றி அறிவான். கல்வி ஈந்தவன் அங்ஙனம் அறியுமாறில்லை. அவன் ஈராண்டு முழுதும் உரத்த குரலிற் பேசியிருத்தல் கூடும். கேட்டார்மாட்டு ஒன்றும் சென்று சேராதிருத்தலும் கூடும். ஆகலின் கல்விக்கொடை நிகழ்ந்ததோ இல்லையோ என்பது கொண்டானை நோக்கியே அறியப்படுவதாம். இவ்வுண்மையை உட்கொண்டு, இக்காலத்து நிகழும் தொண்டொன்றனை ஈண்டு ஆராயப்புகுவாம்.

மேலைநாடுகளிற் பல்லாண்டு தொழில்செய்து ஓய்வுபெற்றாருட் சிலர், எஞ்சிய நாட்களை வீணே கழியாது, பிறநாடுகட்குச் சென்று ஆங்குள்ளார்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியை ஊதியங் கருதாது மேற்கொள்கின்றனர். இஃது அறமாமோ, அன்றி அறத்தின் தோற்றமுடைய பிறிதொன்றோ என்பதே வினா. நாமும் நெடுங்காலம் ஆசிரியத்தொழில் புரிந்து ஓய்ந்தேமாகலின், இவ்வினாவைப் புறத்தே நின்று ஆராய எமக்கு இயலவில்லை.

எடுத்துக்காட்டாக அமெரிக்க அரசின் ‘பீஸ் கோர்’ என்னும் அமைதித் தொண்டர் அணியை நோக்குவாம். இது 1961-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளிற் குடியரசுத் தலைவர் கென்னடியால் தோற்றுவிக்கப்பட்டது. இதிற் சேர்வார்க்கு 18 வயது நிரம்பியிருத்தல் வேண்டுமென்பதன்றி, இத்துணை வயதிற்கு மேற்பட்டார் ஆகார் என்னும் வரையறை இல்லை. பின்னாளிற் குடியரசுத் தலைவராய கார்ட்டரின் அன்னையார் லில்லியன் அம்மையார், 1966-இல் தமது 68-ஆம் அகவையில் இதிற் சேர்ந்து, பம்பாயை அடுத்த விக்ரோலியில் நோயாளர்க்குச் செவிலித்தொண்டு புரிந்தார். அவர் ஆங்கிலங் கற்பிக்க வந்தவரல்லர். ஆயினும் முதுமை இத்தகைய தொண்டிற்குத் தடையன்றென்பதற்கு அவர் சான்றாவர். கற்பிக்கச் செல்வார் ஏறத்தாழ மூன்று திங்கள் அந்நாட்டுக் குடும்பமொன்றனோடு உறைந்து, அந்நாட்டு மொழியைப் பயின்று, அதன்பின் ஈராண்டு பணிபுரிவர். அழைத்த நாட்டிற்கே செல்வர். அவ்வூரார் வாழுமளவிற்கேற்ற படிப்பணமே பெறுவர்.

இனி, இதற்கொரு தடை கூறுவாருளர். அவ்வணி தன் நோக்கங்களாக விதந்தோதுவன மூன்று: பயிற்சிபெற்றாரை வேண்டும் நாட்டிற்கு அவரை உதவுதல் ஒன்று, சென்றவிடத்தார் அமெரிக்கரை நன்குணரச் செய்தல் ஒன்று, அமெரிக்கர் பிறரை நன்குணரச் செய்தல் ஒன்று. இவற்றுட் பின்னைய இரண்டும் கொடுப்பார் நாட்டின் நலத்தையும் தழுவினவன்றோ? தனியொருவர் நிலையை நோக்கினும், நாள் கழியாமையும் மதிப்பார் இன்மையும் ஓய்வுற்றார்க்கு நோயாக, அந்நோய்க்கு மருந்து தேடியே அவர் கடல் கடக்கின்றனர். எனவே இது பண்டமாற்றேயாம் என்பது அவர் கூற்று.

அவர் கூறியது ஒருபுடை உண்மை. ஓய்வுபெற்ற முதற்றிங்களில், பள்ளிமணி அடிக்கும் வேளையிற் கை தானே மேலாடையைத் தேடியதும், ‘ஐயா’ என்றழைப்பாரின்றி நாட்கள் கழிந்ததும் நாம் பட்டறிந்தனவே. அந்நிலையில் யாரேனும் வந்து கற்பிக்க அழைத்திருப்பின், அவர்க்கு யாது வேண்டுமென்று வினவாமலே சென்றிருப்பேம். ஆயினும், கொடுத்தார்க்கும் நலமுண்டாயிற்றென்பதுகொண்டே கொடை கொடையாகாதொழியாது. குழவிக்குப் பாலூட்டுந் தாய்க்கும் மகிழ்ச்சியுண்டு. அம்மகிழ்ச்சியாற் பால் கெடுவதில்லை. குழவியின் பசியை நோக்காது தன் மகிழ்ச்சியை நோக்கி ஊட்டுவாளாயின் அப்பொழுதே தீங்கு விளையும். தன்னலம் ஒருவன்பால் உளதாதலினும், அது அவன் செயலுக்கு அளவுகோலாக அமர்தலே கடியத்தக்கதென்க.

பிறிதொரு தடை இதனினும் வலியது. ஆங்கிலம் கற்பித்தலே தீங்கென்பது அது. கெனியாநாட்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, 1986-இல் வெளிவந்த தம் நூலில், தாம் பயின்ற பள்ளியில் தாய்மொழியாகிய கிக்கூயுவைப் பேசிய சிறார் அடியுண்டும் இழிவுக்குறி கழுத்திற் பூண்டும் வருந்தினமையை எடுத்துரைத்தார். கல்வி பயிற்றுதற்குத் தாய்மொழியே தக்கதென்று யுனெஸ்கோ 1953-இல் வெளியிட்ட அறிக்கையும் கூறிற்று. இவான் இல்லிச் என்பார் 1968-இல் மெக்சிகோ நாட்டில் அமெரிக்கத் தொண்டர்முன் நின்று, நன்னோக்கம் ஒன்றுகொண்டு ஏழையர்மேல் தம்மைச் சுமத்திக்கொள்வதை உதவியென்றெண்ணுதல் பிழையென்று கடிந்துரைத்தார்.

இவையனைத்தும் கொள்ளத்தக்கனவே. ஆயினும் இவை கடிவன, தாய்மொழியை அகற்றி அவ்விடத்தே பிறமொழியை அமர்த்துதலையும், வேண்டாதார்மேற் சுமத்துதலையுமாம். வேண்டினார்க்கு மற்றுமொரு மொழியை உடன்சேர்த்து அளித்தல் இவற்றால் விலக்கப்படாது. தாய்லாந்து ஐரோப்பியர் ஆட்சிக்கு உட்படாத நாடு. ஆங்கு ஆங்கிலம் அந்நாட்டார் தாமே வேண்டிப் பயில்வதாம். ருவாண்டா நாடு 2008-இற் பள்ளிக்கல்வியைப் பிரெஞ்சினின்றும் ஆங்கிலத்திற்கு மாற்றத் துணிந்தபோது, ஆங்கிலத்தில் தேர்ச்சியில்லா ஆசிரியரே மிக்கிருந்தனர். அத்துணிவு நன்றோ தீதோ என்பது வேறு வினா. வகுப்பிற் கலங்கி நின்ற ஆசிரியர்க்குத் துணைநிற்றல் தீதென யாவரே கூறுவர்?

அற்றேல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகவுடையார் யாவரும் அதனைக் கற்பித்தற்கு உரியராவரோ எனின், ஆகார். தாய்மொழியை எவரும் வழியறிந்து கற்பதில்லை, அதனுள்ளே வளர்கின்றனர். தாய்லாந்து மொழியில் வினைச்சொல் காலங் காட்டித் திரிவதில்லை. நேற்று, நாளை முதலிய சொற்களாலும் துணைச்சொற்களாலுமே காலம் உணரப்படும். சொல்லிறுதியில் மெய்கள் இரண்டு அடுக்கி நிற்றலும் அம்மொழிக்கு இல்லை. ஆதலின் அந்நாட்டு மாணவன் ‘நேற்றுச் சென்றேன்’ என்பதனை ஆங்கிலத்திற் கூறுங்கால், ‘கோ’ என்னும் வினையை ‘வென்ட்’ எனத் திரிக்காமலே கூறுவான். திரித்துக் கூறப்புகினும் ஈற்றிலுள்ள மெய்யைக் கெடுப்பான். புதிதாய்ச் சென்ற அமெரிக்கர் இதனைக் கண்டு வியப்பர், அறியாமையென்றும் எண்ணுவர். அவ்வூர் ஆசிரியையோ, தாமும் அவ்விடத்தே இடறியெழுந்தவராதலின், கால் எங்கே வழுக்குமென்று அறிவார். ஒருவர்மாட்டு ஒலியும் வழக்கும் உள. மற்றவர்மாட்டு வழியறிவு உளது. இதுபற்றியே தாய்லாந்தில் அவ்வணியினர் அவ்வூர் ஆசிரியரோடு உடனின்று கற்பிக்குமாறு அமைக்கப்படுகின்றனர். சென்றவர் அந்நாட்டு மொழியைப் பயிலுங்கால் தாமும் இடறுவர். ஐந்து தொனிகளையுடைய அம்மொழியின் சொல்லொன்றை அறுபது வயதிற்குமேல் தவறக் கூறிச் சிறாரால் நகைக்கப்படுதலைப் பொறுத்தவரே, அச்சிறார் பிழையைப் பொறுக்கும் தகுதி பெறுவர்.

இனி, கொடை நிகழ்ந்ததோ என்பதனைக் காணும் உரைகல் யாது? 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் கோவிட் பெருந்தொற்றால், அவ்வணியினர் ஏறத்தாழ 7,000 பேரும் எல்லா நாடுகளினின்றும் ஒருசேரத் திருப்பியழைக்கப்பட்டனர். பின்னர்ப் பள்ளிகள் மீளத் திறந்த ஞான்று ஒவ்வொரு வகுப்பிலும் எஞ்சியிருந்தது எதுவோ, அதுவே ஆங்கு ஈயப்பட்டதாம். உடனின்று கற்பித்தவர் அகன்ற வகுப்பில் அவ்வூர் ஆசிரியர் முன்னினும் துணிவோடு நின்று கற்பிப்பர். தனித்து நின்று பாராட்டுப் பெற்றவர் அகன்ற வகுப்பில் அவரைப்பற்றிய நினைவே எஞ்சும்.

நினைவு மட்டும் எஞ்சுதல் எத்தன்மைத்தென்பதற்குத் தாய்லாந்திலேயே நமக்கு அணித்தாயதொரு சான்றுண்டு. பாங்காக் நகரத்து அரசவை அந்தணர் ‘திரியம்பாவை’ என்னும் விழாவில் திருவெம்பாவைத் திருப்பாட்டுக்களைத் தலைமுறை தலைமுறையாக ஓதிவருகின்றனர். ஓதுவார் தமிழறியார். கடல் கடந்து சென்ற தமிழின் ஒலியும் பத்திமையும் ஆங்கு எஞ்சின, சொற்பொருள் எஞ்சவில்லை. பொருளறியாத நிலையிலும் அவர் போற்றிக் காத்துவருதல் வணங்கத்தக்கது. ஆயினும் வழிபாட்டிற்கு அமையும் ஒலி உரையாடற்கு அமையாது. ஆங்கிலம் வேண்டி அழைத்தாரோ உரையாடற்கும் தொழிற்குமே அதனை வேண்டினர். அவர்க்கு, அவருள்ளேயே கற்பிக்கவல்லார் தோன்றி நிலைத்தாலன்றிக் கொடை முற்றுப்பெறாது.

ஆகலின் நாம் துணிவது இது: தான் இன்றியமையாதவனாதலை நாடிச் செல்வான் கொடையாளனாகான், தான் வேண்டப்படாத நாளை விரைவிற் கொணர்தற்கு உழைப்பவனே கொடையாளன். ஓய்வுற்றார் இதற்குப் பெரிதும் ஏற்றவர். பொருளீட்டலும் பதவியுயர்வும் அவர்க்கு முடிந்தன. ஆயினும் நெடுநாள் தலைமையில் இருந்த பழக்கம் கப்பலேறி அவரைப் பின்தொடரும். நாம் அகன்ற மறுநாளும் எம் பள்ளியின் மணி வழுவாது அடித்தது. அவ்வோசை முதலில் எம்மைப் புண்படுத்தியது. பின்னரே, நாம் கற்பித்தவருள் ஒருவர் எம்மிடத்தே நின்று கற்பிக்கின்றார் என்பது நினைவிற்கு வந்தது. அம்மணியோசையை இழப்பென்று கருதி ஆறுதல் தேடிச் செல்வார் செல்லாதொழிக. அதனைக் கேட்டு மகிழக் கற்றவர், அழைத்தவிடம் அண்மையாயினும் சேய்மையாயினும், ஐயமின்றிச் செல்வாராக.