குரைப்புக்குச் சொந்தக்காரர்

வேப்பந்தட்டைப் பக்கம் நாய் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் கொஞ்சுவதற்காக வளர்ப்பதில்லை, காவலுக்கு வளர்க்கிறார்கள். பச்சைமலை அடிவாரத்தில் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நாட்களில் இரவில் காட்டுப்பன்றி இறங்கும். மாதக்கணக்கில் பட்ட பாடு ஒரே ராத்திரியில் சாய்ந்துவிடும். ஊருக்குள் வந்தால் வேறு பயம். இந்த வட்டத்து ஊர்கள் பலவற்றிலிருந்து ஆண்கள் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று பிழைக்கப் போய்விட, வீட்டில் வயதான தாயும் மருமகளும் பிள்ளைகளும் மட்டும் இருப்பார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் கட்டிய நாய்தான் அவர்களுக்கு இரவுத் துணை. அந்தப் பயத்தை அற்பம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

நாயின் காவலைக் கல்லில் வெட்டி வைத்து மதித்த மண் இது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றதாக எழுத்து சொல்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயைப் பேர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறார்கள்.

எனவே நாய் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வியே இல்லை. காவலின் பயன் சுவருக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது, குரைப்பு மட்டும் சுவர் தாண்டிப் போகிறது. ஒரு வீடு நிம்மதியாகத் தூங்குவதற்கு இன்னொரு வீட்டின் தூக்கம் செலவாகிறது. அந்தச் செலவை யார் ஏற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு கூலிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வெங்காயத்துக்குக் களை வெட்டவோ பருத்தி எடுக்கவோ போகிறவர். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டி, ஆள் ஏற்ற வரும் வண்டிக்குத் தயாராக நிற்க வேண்டும். அவருக்கு வாய்த்த தூக்கம் இரவு 10 முதல் 4 வரைக்குமான ஆறு மணி நேரம்தான். பன்னிரண்டுக்கு ஒரு பைக் போகிறது, நாய் எழுந்துகொள்கிறது. ஒன்றரைக்குத் தெரு நாய்கள் குரல் கொடுக்க, கட்டிக்கிடக்கும் நாய் பதில் கொடுக்கிறது. மூன்று மணிக்குப் பால் வண்டி. மறுநாள் உச்சி வெயிலில் கண்ணெரிச்சலோடு குனிந்து களைவெட்டியைப் பிடிப்பவருக்கு இது வெறும் தொல்லை அல்ல, உடம்பிலிருந்து பிடுங்கப்படுகிற கூலி.

குழாயடியில் அவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: “அக்கா, ராவெல்லாம் நாயி குரைச்சுக்கிட்டே இருக்குது. கொஞ்சம் பின்பக்கமாக் கட்டினா தேவல.” வருகிற பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “நாயின்னா குரைக்கத்தான் செய்யும்.”

அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் கேட்டது நாயின் இயல்பைப் பற்றி அல்ல. நாயை வாங்கி வந்தது யார், தெருவைப் பார்த்த மாதிரி கட்டியது யார், சாயந்திரம் ஒரு சுற்று நடத்திக் கூட்டிப்போகாதது யார் என்பதைப் பற்றித்தான் கேட்டார். குரைப்பது நாய் என்றாலும், இவை எல்லாம் மனிதர் எடுத்த முடிவுகள். மிருகத்தின் இயல்பைக் காட்டி மனிதர் தம் பொறுப்பைக் கழற்றிக்கொள்வது நியாயமாகாது.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வருகிறது? ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள் 2000-ல் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரமாகக் கணக்கு. வரம்பை விட 10 டெசிபலோ அதற்கு மேலோ போனால் புகார் கொடுக்கலாம். ஒலிபெருக்கி, ஹாரன், பட்டாசு எல்லாம் பேர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன, நாய் இல்லை. தவிர அந்த 45 என்பது ஒரு காலஅளவுக்கு எடுக்கிற சராசரி. பத்து நிமிடம் அமைதி, அரை நிமிடம் குரைப்பு, மறுபடி அமைதி என்று போகிற ராத்திரியைச் சராசரி எடுத்தால் உண்மையான தொந்தரவு கரைந்து சிறியதாகத் தெரியும். தூக்கமோ அந்த அரை நிமிடத்தில்தான் கலைகிறது. எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த இடத்தில் கைகொடுக்காது.

எண்ணை விட, அதன் பின்னால் நிற்கிற கொள்கைதான் முக்கியம். 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றி ஒரு பெரிய தீர்ப்பு கொடுத்தது. தன் வீட்டில் அமைதியாக வாழ நினைப்பவருக்கு வெளிச் சத்தம் தன்னை வந்து தாக்காமல் தடுக்கும் உரிமை உண்டு, அது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தருகிற வாழ்வுரிமையின் பகுதி என்றது. அந்த வழக்கு எங்கிருந்து தொடங்கியது என்பதை மறக்கக் கூடாது. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானபோது அவள் போட்ட கூக்குரல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிப் பாட்டில் அமுங்கி யார் காதிலும் விழாமல் போயிற்று. பிறகு அவள் தீக்குளித்து இறந்தாள். 1998 ஜனவரியில் நாளேடுகளில் வந்த அந்தச் செய்திதான் ஒருவரை நீதிமன்றத்துக்குப் போக வைத்தது. சத்தம் காதை மட்டும் கெடுப்பதில்லை, ஒரு தெரு இன்னொரு குரலைக் கேட்கும் சக்தியையே கெடுத்துவிடுகிறது. இரவெல்லாம் ஓயாமல் குரைக்கிற நாய்க்கும் இது பொருந்தும். எதற்கெடுத்தாலும் குரைக்கிற நாய் நிஜமாகவே திருடன் வந்த ராத்திரியில் குரைத்தாலும் தெருவில் ஒருவரும் எழுந்து வர மாட்டார்கள். எதற்காக வளர்த்தார்களோ அந்தக் காவலே அதோடு போய்விடுகிறது.

“அக்கம்பக்கம்னா அனுசரிச்சுத்தான் போகணும்” என்ற அறிவுரை ஊரில் தாராளமாகக் கிடைக்கும். நல்ல அறிவுரைதான். ஆனால் அது யாரிடம் சொல்லப்படுகிறது என்று கவனிக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரரிடம் அது சொல்லப்படுவதில்லை, வாடகைக்கு இருப்பவரிடம் சொல்லப்படுகிறது. காட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லப்படுவதில்லை, அவரிடம் கூலிக்குப் போகிறவரிடம் சொல்லப்படுகிறது. சாதியில், பணத்தில், ஆள் பலத்தில் கீழே வைக்கப்பட்டவர் காதில்தான் அது முதலில் விழும். அந்தக் கூலிப்பெண் நாய்க்கார வீட்டுக் காட்டிலேயே நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தால் குழாயடியில் வாயைத் திறந்தே இருக்க மாட்டார். நாய்க்கார வீட்டிலோ “இத்தனை வருசத்துல ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே” என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அங்கே நிலவிய மௌனம் சம்மதம் அல்ல, சொல்ல முடியாமை. இதனால்தான், முறையிடுகிற கடமையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் முழுக்க ஏற்றுவது தவறாகிறது. சத்தம் யார் வீட்டிலிருந்து கிளம்புகிறதோ அவர்தான் போய்க் கேட்க வேண்டும். குட்டியைக் கொண்டு வந்த வாரத்திலேயே பக்கத்து வீட்டுப் படியேறி, “ராத்திரி இது சத்தம் போட்டு உங்களுக்குத் தூக்கம் கெட்டா மறைக்காமச் சொல்லுங்க” என்று கேட்டுவிடுவதில் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.

வசதியற்றவருக்கு விதிகள் தேவைப்படுவதும் இங்கேதான். சமமான இருவர் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சமமில்லாத இடத்தில் பேச்சு என்பது பலமுள்ளவர் சொல்கிற முடிவாகவே போய் முடியும். ஊராட்சியோ கிராம சபையோ பொதுவாக ஒரு கட்டுப்பாட்டைச் சொல்லி வைத்தால், கேட்கப் போகிறவருக்கு அது துணையாக இருக்கும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. தண்ணீர், தெருவிளக்குக்கு நடுவே இதையும் ஒருமுறை எடுத்துப் பேசினால் தப்பில்லை.

இதுவரை பேசியதெல்லாம் மனிதர்களைப் பற்றி. நாய்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இரண்டு முழச் சங்கிலியில் பகலிரவாகக் கட்டிக் கிடக்கிற நாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சங்கிலி எட்டுகிற தூரம் வரை தரையில் புல் இருக்காது, மண் வட்டமாகத் தேய்ந்து பளபளத்துக் கிடக்கும். அந்த வட்டத்துக்குள்ளேயே சோற்றுத்தட்டு, அங்கேயே கழிவு, அங்கேயே படுக்கை. தெருவில் போகிற எதையும் நெருங்கிப் போய் மோந்து பார்க்கவும் முடியாது, பயந்தால் விலகி ஓடவும் முடியாது. அப்படிக் கிடக்கிற உயிருக்குக் குரைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, எப்போதும் கட்டியே வைக்கப்படும் நாயை உடற்பயிற்சிக்கு அவிழ்த்து விடாமல் இருப்பதையே குற்றம் என்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசுக்குள் முடிந்துவிடுகிற தண்டனை யாரையும் அசைக்காது என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பிரிவு ஒரு உண்மையைத் தொட்டுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்குச் செய்யும் தீங்கும் நாய்க்குச் செய்யும் தீங்கும் பெரும்பாலும் ஒரே சங்கிலியிலிருந்துதான் வருகின்றன. சாயந்திரம் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய், வயிறு நிறையச் சோறு போட்டு, தெரு தெரியாத பின்கட்டில் படுக்க வைத்தால் பாதி ராத்திரிகள் அமைதியாகிவிடும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலும் இரண்டையும் சேர்த்தே சொன்னது. குரைப்பு நாயின் இயற்கை வெளிப்பாடு, அதற்காக நாய் வளர்ப்பையே தடை செய்ய முடியாது. அதே சமயம் இரவில் அதை அமைதியாக வைத்திருக்க வளர்ப்பவர் எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும்.

பொறுமை இழந்த அண்டை வீட்டார் சிலர் கறியில் விஷம் வைத்துவிடுகிறார்கள். இதற்கு எந்த நியாயமும் கிடையாது. தன்னைக் கட்டியவர் செய்த தவறுக்கு நாயின் உயிரை எடுப்பது அநீதி, கோழைத்தனமும்கூட. பாரதிய நியாய சம்ஹிதையின் 325-ஆம் பிரிவில் இதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

முறையிடுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு: எது தவிர்க்கக்கூடிய சத்தம், எது தவிர்க்க முடியாதது என்று பிரித்துப் பார்ப்பது. உதாரணத்துக்கு, அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்குகிறார்கள். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பகலில் கொட்டாப்புளி உளித்தலையில் விழுகிற ஓசை ஒருவரின் அடுப்பெரிகிற ஓசை. அதைச் சகிப்பது ஊரின் கடமை. மும்முனை மின்சாரம் இரவில் வருகிற நாட்களில் கிணற்று மோட்டார் ஓடுவதும் அப்படித்தான், நேரத்தைத் தேர்ந்தெடுக்க விவசாயிக்கு வழியில்லை. காதுகுத்துக்கு விடிய விடிய மைக் செட் போடுவது இந்த வகையில் சேராது. சாமிக்காகப் போட்டாலும் சேராது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு தேவாலயத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் சொன்னது. எல்லா மதத்தாருக்கும் ஆன சொல் அது.

தவிர்க்க முடியாததை விட்டுக்கொடுக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. சிங்கப்பூரில் ஒரு இந்தியக் குடும்பம் சமைக்கும் குழம்பின் வாசனை, சீனாவிலிருந்து குடிவந்த பக்கத்து வீட்டாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சமரச மையத்தில் பேசி, அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் குழம்பு வைப்பது என்று முடிவானது. 2011-ல் இது செய்தியானபோது நாடே கொதித்தது. ஆகஸ்ட் 21 அன்று எல்லா இனத்தாரும் குழம்பு சமைப்போம் என்று ஓர் அழைப்பு பரவியது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சமாதானம்தான், இருந்தாலும் நியாயம் இல்லை என்று மக்கள் கண்டுகொண்டார்கள். அன்றாடச் சோற்றை விட்டுக்கொடுக்கச் சொல்வது வேறு, நாயைப் பின்கட்டுக்கு மாற்றச் சொல்வது வேறு.

சமரசத்துக்கு ஓர் எல்லை இருப்பது போலத் தீர்ப்புக்கும் உண்டு. வேப்பந்தட்டை வட்டத்திலேயே வ.களத்தூரில் கோயில் ஊர்வலம் எந்தத் தெருக்கள் வழியாகப் போகலாம் என்ற தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 2021-ல் தீர்ப்பானது. பொதுத் தெரு எல்லோருக்கும் உரியது, ஒரு மதத்தார் இன்னொரு மதத்தாரை அங்கே தடுக்க முடியாது என்பது அதன் சாரம். சரியான தீர்ப்பு. ஆனாலும் தீர்ப்பு வந்த மறுநாள் அதே தெருவில் அதே மனிதர்கள்தான் முகம் பார்த்துக்கொள்ள வேண்டும். யாருக்கு எது உரிமை என்று நீதிமன்றம் சொல்ல முடியும். அந்த உரிமையை எவ்வளவு இதமாகப் பயன்படுத்துவது என்பதை அந்தத் தெரு மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னும் ஒரு இக்கட்டு மிச்சம் இருக்கிறது. நாயை வைத்திருப்பவரே பலவீனமானவராக இருந்தால்? பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டில் ஒண்டிக்கட்டையாக ஒரு மூதாட்டி, வாசலில் ஒரு நாய். அது குரைக்கிற ஒவ்வொரு முறையும் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது. அவரிடம் போய் நாயைப் பின்பக்கம் கட்டுங்கள் என்றால் அவருடைய ஒரே பாதுகாப்பைக் கேட்பதாக ஆகும். பக்கத்து வீட்டார் மேல் இருந்த நம்பிக்கை குறைந்ததால்தான் பல வீடுகளில் அந்த இடத்துக்கு நாய் வந்தது. முன்பு கூப்பிடு தூரத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஆகவே அவரிடம் நாயைப் பற்றிப் பேசப் போகிறவர், “ராத்திரி என்ன ஏதுன்னாலும் ஒரு சத்தம் குடுங்க ஆத்தா, நான் வந்து நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். சொன்னபடி ஒரு நாள் அவர் கூப்பிடும்போது எழுந்து போகவும் வேண்டும். அதற்குத் தயாராக இல்லாதவருக்கு அந்த நாயை அடக்கச் சொல்லும் உரிமை பாதிதான் இருக்கிறது.