உண்ட வீடு யாருடைய வீடு?

பாரிசு மாநகரின் தென்கோடியில் ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் நின்றது. முதல் உலகப் போர் முடிந்தபின் அதை இடித்தனர். இடித்த இடத்தில் பன்னாட்டு மாணவர்க்கென ஒரு நகரை எழுப்பினர். 1925இல் முதல் இல்லம் திறக்கப்பட்டது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட இல்லங்கள்! சப்பானிய இல்லம், பிரேசில் இல்லம், இந்திய இல்லம் என்று பெயர் தாங்கினும், ஒவ்வோர் இல்லத்திலும் பிற நாட்டாரையும் கலந்தே குடியமர்த்துவது அங்குள்ள வழக்கம். ஒரே அடுக்களையில் உலை வைப்போர் ஒருவரையொருவர் சுடத் துணியார் என்று நம்பினர் போலும். பதினான்கே ஆண்டுகளில் அடுத்த போர் வந்தது. எனினும் இல்லங்கள் நிற்கின்றன, நம்பிக்கையும் சாகவில்லை.

அங்கே தங்கிப் பயிலும் மாணவனுக்கு மாலை நேரம் மற்றொரு பள்ளிக்கூடம். நாடகம் உண்டு, இசையரங்கு உண்டு, ஓவியக் கூடம் உண்டு. இருபத்தாறு வயது நிரம்பாதவனாய், ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருப்பவனாய் இருந்தால், அரசு அருங்காட்சியகங்களின் நிலையான காட்சிகளைக் காசின்றிக் காணலாம். 2009 முதல் நடைமுறையில் உள்ள நல்ல ஏற்பாடு. பாராட்டுவோம்.

பாராட்டிவிட்டு ஒரு கேள்வியைக் கேட்போம். கதவைத் திறந்து விட்டவனிடம் மாணவன் எதுவும் கேட்கலாமா? "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா?" என்று சீறுவோர் எந்நாட்டிலும் உண்டு. கல்வி தந்தோம், கலை தந்தோம், வாயை மூடிக்கொள் என்பது அவர்கள் வாதம். (தந்தது முழுதும் இலவசமும் அன்று. ஐரோப்பிய மாணவன் இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 170 யூரோ கட்டினால் போதும், பிற நாட்டான் 2,770 கட்டவேண்டும் என்று 2019இல் விதி செய்தனர். அந்த ஓரவஞ்சனைக்கு உடன்படாமல் விலக்களித்த பல்கலைக் கழகங்கள் பல என்பது ஆறுதல்.)

வாதத்தைச் சற்றே உரசிப் பார்ப்போம். அவன் முதலில் நுழையும் லூவர் யாருடைய வீடு? மன்னனின் மாளிகை! மன்னன் தலை உருண்ட அதே 1793இல், ஆகஸ்ட் 10ஆம் நாள், அதை மக்களின் காட்சிச்சாலையாய்த் திறந்தனர். உள்ளே நுழைந்த பாரிசுத் தொழிலாளி அரண்மனைக்கு நன்றி கூறிக் குனிந்தானா? இல்லை. எங்கள் உழைப்பில் விளைந்தது, எங்களுக்கே உரியது என்று நிமிர்ந்தான். அந்த நிமிர்வை உலகமே மெச்சிற்று.

அந்த நீதியைக் கையில் ஏந்தி, சேன் ஆற்றங்கரைக்கு வாரீர், தோழரே! அங்கே 2006இல் திறந்த கே பிரான்லி அருங்காட்சியகம் உள்ளது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் கலைப்பொருள்கள் மட்டும் ஏறத்தாழ 70,000 அங்கே இருந்ததாக 2018இல் வெளியான அறிக்கை ஒன்று கூறிற்று. சுறாத் தலையும் மனித உடலுமாய் ஒரு மரச்சிற்பம் அங்கு நின்றது. தகோமி நாட்டு மன்னன் பெகான்சினின் சின்னம். 1892இல் பிரெஞ்சுப் படை அபோமி அரண்மனையிலிருந்து அள்ளி வந்தது. தகோமியே இன்றைய பெனின். அந்நாட்டிலிருந்து படிக்க வந்த மாணவி தன் பாட்டனாரின் மன்னனை ஒரு காசும் கொடாமல் கண்டாள். ஊரிலிருந்த அவள் தம்பியோ, காசு கொடுத்தாலும் காண இயலாது! அவள் யாருக்கு நன்றி சொல்வாள்? எதற்குச் சொல்வாள்?

2016இல் பெனின் அரசு பொருள்களைத் திருப்பிக் கேட்டது. இவை பிரெஞ்சு நாட்டின் பொதுச் சொத்து, கைமாற்ற இயலாதவை என்று மறுத்தனர். மன்னனிடமிருந்து மக்கள் பறித்தால் நீதி. மக்களிடமிருந்து படை பறித்தால் பொதுச் சொத்து!

நன்றியே கூடாதென்பேனோ? என்னேன். மார்த்தினீக்கிலிருந்து 1931இல் பாரிசுக்குப் படிக்கவந்த எமே செசேரும், அவருக்குச் சற்று முன்னர் செனெகலிலிருந்து வந்த செங்கோரும் அந்நகரின் நூலகங்களை உண்டு செரித்தவர்கள். கறுப்பராய்ப் பிறந்தமைக்குக் கூசுவதா என்ற கேள்வியும் அங்கேதான் அவர்கள் நெஞ்சில் கனன்றது. 1935இல் கறுப்பு மாணவரின் இதழொன்றில் எழுதினர். 1956இல் சோர்போன் மண்டபத்திலேயே கறுப்பின எழுத்தாளரும் கலைஞரும் மாநாடு கூட்டினர். படித்த மண்டபத்தில் நின்றே கேள்வி கேட்டனர்! இரண்டகமா இது? கண்ணை மூடிக் கும்பிட்டுத் திரும்பியிருந்தால் அது பக்தி, படிப்பு அன்று. அதே செங்கோரை 1983இல் பிரெஞ்சுக் கழகமே தன் உறுப்பினராகத் தேர்ந்தது.

2020 திசம்பரில் சட்டம் இயற்றி, 2021 நவம்பரில் இருபத்தாறு பொருள்களைப் பெனினுக்கு அனுப்பினர். சுறா மன்னனும் ஊர் திரும்பினான். அப்பயணத்தைப் பாரிசில் பிறந்த மாத்தி தியோப் படமாக்கினார். 2024இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி பெற்ற படம். அதில் அபோமி-கலாவிப் பல்கலைக் கழக மாணவர்கள் கூடி வாதிடுகின்றனர். ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் இருபத்தாறு தருவது கொடையா, இழிவா என்று அனல் பறக்கிறது. அந்த வாதத்தை அவர்கள் நடத்துவது பிரெஞ்சு மொழியில்.