கண்ணாடிக்குள் ஓர் அமானிதம்

வீட்டில் மீன் வளர்ப்பது ஆகுமா, ஆகாதா என்று கேட்போர் உண்டு. ஆகும் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் காட்டும் சான்று இனிமையானது. அனஸ் (ரலி) அவர்களின் இளவல் அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சின்னஞ்சிறு குருவியை வைத்து விளையாடி வந்தார். அது இறந்துபோக, அவர் வாடியிருந்தார். அதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவரின் பெயரோடு குருவியின் பெயரை ஒலி இயைய இணைத்துப் பரிவுடன் விசாரித்தார்கள், வளர்த்ததைக் கண்டிக்கவில்லை. ஆதலின், உணவும் நீரும் தந்து பேணுவோர் பறவையை வைத்துக்கொள்ளலாம் என்று அறிஞர்கள் கண்டனர். மீனுக்கும் அதுவே அளவுகோல். எனினும் 'ஆகும்' என்ற சொல்லோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. அங்கேதான் அது தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பேத்தியின் ஆசைக்கிணங்கி, ஒரு சிறு கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வாங்கி வந்தோம். அன்றே நீர் நிரப்பி அன்றே மீன்களை விட்டோம். பசித்திருக்குமோ என்று அஞ்சி வேளைதோறும் தீனி தூவினோம். நான்காம் நாள் நீர் கலங்கியது. தூய்மை ஈமானில் பாதியன்றோ? நீர் முழுவதையும் கொட்டி, வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் அலசி, புதுநீர் நிரப்பினோம். மறுநாள் விடியலில் நான்கும் மிதந்தன.

"நன்னா, நாம தீனி போட்டோமே, பிறகு ஏன் செத்துப் போச்சு?" என்றாள் பேத்தி. "அது அல்லாஹ்வின் நாட்டம்மா" என்றோம். குழந்தை ஏற்றுக்கொண்டது. நம் உள்ளம் ஏற்கவில்லை. நாம் சொன்னது பொய்யன்று. ஆனால் நம் அறியாமையை மறைக்க அந்த மெய்யைத் திரையாக்கினோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டும்படி போதித்த மார்க்கத்தில், கட்டாமல் விட்டவன் விதியைப் பேசலாகாது.

பின்னர் விசாரித்து அறிந்தோம். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு நீரில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறுவகை நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்குகின்றன. இவ்வுயிர்கள் வடிகட்டியிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாமோ தொட்டிக்கு நான்கு நாள்கூடத் தரவில்லை. குடியேறத் தொடங்கிய சிலவற்றையும் அழுக்கென்று கழுவிக் கொட்டினோம். குழாய் நீரின் குளோரினோ அவற்றையும் கொல்லும், மீனின் செவுளையும் புண்ணாக்கும்.

ஒளூவுக்குரிய நீரை நிறம், சுவை, மணம் என்னும் மூன்றால் சோதிக்க மதரஸாவில் கற்றோம். அச்சோதனை நமக்குப் போதும். மீனுக்கோ, இம்மூன்றிலும் குறையற்ற நீரே நஞ்சாயிருக்கக்கூடும். நம் தூய்மை வேறு, அதன் தூய்மை வேறு. பிற உயிரின் தேவையை நம் தேவையால் அளந்ததே நாம் செய்த பிழை.

ஆகவே முதன்முதலாகத் தொட்டி வைப்போர் பொறுமையிலிருந்து தொடங்கட்டும். உருண்டைக் குடுவை வேண்டாம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். நீரின் எடையே 56 கிலோ என்பதால் தாங்கும் மேசை வேண்டும். வெயில் நேராகப் படாத இடம் நன்று. குழாய் நீரைக் குளோரின் நீக்கும் மருந்திட்டுப் பயன்படுத்துக. மீனில்லாமலே வடிகட்டியை ஓட்டி, நாளும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் இட்டு வருக. சோதனை மருந்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் முதலில் ஏறிப் பின் 0 என இறங்கிய பிறகு, நீரில் ஒரு பகுதியை மாற்றிவிட்டு, ஐந்தாறு ஆண் கப்பி மீன்களை விடலாம். சில நிமிடங்களில் தின்று தீரும் அளவே தீனி. வாரந்தோறும் கால்பங்கு நீரை மட்டும் மாற்றுக. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

பூனையை அடைத்துவைத்து நரகுக்குரியவளான பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். அவள் உணவும் தரவில்லை. தானே இரை தேடிக்கொள்ள அதனை விடவும் இல்லை. ஊட்டு, அல்லது விட்டுவிடு என்னும் இரு வழிகள் அவளுக்கு இருந்தன. மீன் வளர்ப்போருக்கு இரண்டாம் வழியும் இல்லை. சலித்துப்போய் ஊர்க்குளத்தில் விட்டால், அயல்நாட்டு மீன் அங்குள்ள மீன்களின் இரையையும் முட்டையையும் தின்று தீர்க்கக்கூடும். தொட்டி துப்புரவுக்கென வாங்கப்பட்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தி நம் ஏரிகளில் பெருகித் தொல்லையானது இவ்வாறே. எனவே ஊட்டிப் பேணும் வழி ஒன்றே எஞ்சுகிறது; இயலாதபோது, பேண வல்லவரிடம் ஒப்படைக்கலாம். ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், முதுமையாலோ நோயாலோ பயன் தராதுபோன பிராணிக்கும் செலவிடுவது உடையவன்மீது அதற்குள்ள உரிமை என எழுதினார். கண்ணுக்கு அழகு தந்த மீன் நிறம் மங்கிய பின்னும் அவ்வுரிமையை இழப்பதில்லை.

நல்ல நிய்யத் நம்மிடம் இருந்தது. அது நான்கு உயிர்களைக் காக்கவில்லை. செயலுக்கு முன் அறிவு வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த பாடத்தை, ஒரு மீன்தொட்டியிடம் மீண்டும் கற்றோம்.

அடுத்த தொட்டி ஆறு வாரம் வெறும் நீராகவே இருந்தது. அந்நாள்களில் ஒருநாள் பேத்தியை அருகழைத்து, "அந்த மீன்கள் நம் அறியாமையால் செத்தன அம்மா" என்று சொன்னோம். சற்று யோசித்துவிட்டு, "இப்போ நமக்குத் தெரியுமா நன்னா?" என்றாள். "கற்றுக்கொண்டிருக்கிறோம்" என்றோம்.

பொறுப்பை ஏற்குமுன் அதனை அறியும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.