உடற்குறையும் உயிர்விடும் உரிமையும்

மருத்துவர் துணையால் உயிர்நீத்தற்குக் கனடா தேயத்தார் 2016-ஆம் ஆண்டிற் சட்டம் வகுத்தனர். இயற்கைச் சாவு எதிர்நோக்கத்தக்க நிலையினர்க்கே அஃது உரியதாயிருந்தது. கியூபெக் மாகாண உயர்நீதிமன்றம் 2019-இல் அவ்வரையறை ஒவ்வாதெனத் தீர்க்கவே, 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. சாவு அணுகாதாரும், தீராப்பிணியோ உடற்குறையோ உற்றுப் பொறுத்தற்கரிய துன்பம் உடையராயின், அத்துணையை வேண்டலாம் என்றாயிற்று.

இதனை எதிர்த்து முன்னின்றவருள் உடற்குறையுடையாரின் சங்கங்கள் பல. ஏனையோர் சாக விழைந்தால் தடுத்துத் தேற்றும் அரசு, தம்மவர் விழைந்தால் மட்டும் இசைதல் யாது கருதி என்பது அவர்தம் வினா. ஆயின் வழக்குத் தொடுத்த இருவரும் உடற்குறையுடையாரே. ழான் துருஷோன் பிறவியிலேயே மூளைவாதம் உற்றவர். ஒரு கையின் துணைகொண்டு தனித்து வாழ்ந்தவர். 2012-இல் அக்கையும் செயலற, பிறர் பேணும் இல்லத்திற் புக நேர்ந்தது. நிக்கோல் கிளாடு இளம்பிள்ளைவாதத்தின் பின்விளைவால் நலிந்தவர். இவ்விருவர் துன்பமும் மெய். அதனை அளத்தற்கு யாம் வல்லேமல்லேம்.

தனு கரண புவன போகங்கள் உயிர் தானே ஆக்கிக்கொண்டனவல்ல. ஆணவ இருளில் விடியுமளவும் இறைவன் கூட்டிய விளக்கே உடம்பு. ஆகலின் அதனை அவித்தற்கு உயிர்க்கு உரிமையின்று என்பது நம் கொள்கை. அவ்வுவமையினின்றே பிறிதொன்றும் பெறப்படும்: விளக்கின் குறை அதுகொண்டு காண்பான் குறையன்று. முன்னதை வற்புறுத்துவார் பலர். பின்னதை நினைவார் சிலரே. குருடரையும் முடவரையும் கண்டவிடத்துப் பழவினை என்றொரு சொற் கூறி அகல்வார் நம்முள் எத்துணையர்! பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்றது தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்பொருட்டு, பிறர்க்குதவாது ஒழிதற்பொருட்டன்று.

பிறவிக் குருடராகிய தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தை அகழப் புக்கஞான்று, கண் பெற்றபின் செய்வேம் என்றிலர். குளத்தினுள்ளும் கரையினும் தறி நட்டு, கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். கண் பெற்றது பின்னர். முன்னர் வேண்டப்பட்டது கயிறே.

கனடாச் சட்டமோ, சாவு அணுகாதார் திறத்துக் குறைந்தது 90 நாள் ஆராய்க என்றும், துன்பந் தணிக்கும் வழிகளை அவர்க்கு அறிவித்து, அவ்வுதவி செய்வாரொடு கலந்துகொள்ள வாய்ப்பளிக்க என்றும் விதித்தது. அறிவித்தல் வேறு, அளித்தல் வேறன்றோ? வீட்டிற் பேணும் துணையாளும், தக்க உறையுளும், நோவு தணிக்கும் மருத்துவமும் கிடைத்தல் வேண்டும் என்பது அதன்கண் நிபந்தனையன்று. கயிறு கட்டித் தாராது, விரும்பியவாறு செய்க என்றல் உரிமை வழங்கியதாகுமோ? 2023-இல் இம்முறையால் இறந்தார் 15,343 பேர். அவருட் சாவு அணுகாதார் 622 பேர். தொகை சிறிதென்பார் உளர். ஐக்கிய நாடுகளின் உடற்குறையுடையார் உரிமைக்குழு 2025 மார்ச்சில் இப்பகுதியை நீக்குமாறு கனடாவுக்குப் பரிந்துரைத்தது.

வழக்கில் வென்ற துருஷோன் தாம் உயிர்விடுதற்கு ஒரு நாள் குறித்திருந்தார். கொள்ளைநோய் பரவி, அவரைக் காண வருவாரும் விலக்கப்பட்டனர். அந்நாளை முற்படுத்தி 2020 ஏப்ரலில் அவர் உயிர்நீத்தார்.